நுண்ணோக்கி: வரலாறும் உறுப்புகளும்

காய்ச்சல் கண்டு தோட்ட மருந்தகத்துக்கோ அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கோ செல்கிறோம். ‘டிரெசர்’ என்று நாம் அழைக்கும் மருந்தக உதவியாளர் நம் விரல் நுனியில் சிறிது குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொள்கிறார். “மருந்து கொடுத்தால் போதாதா? இந்த ஒரு துளி இரத்தத்தில் என்ன தெரியப்போகிறது?” என்று முணுமுணுப்போர் நம்மில் உண்டு. இரத்தம் எடுப்பார்களே என்று அஞ்சி, காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்துக் கிடப்போரும் உண்டு.

அந்த ஒரு துளியில் தெரிவது மிகுதி. அதைக் காட்டுவது நுண்ணோக்கி என்னும் கருவி. அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதன் உறுப்புகளையும், தோட்டத்தில் வாழும் நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் இப்பாடத்தில் காண்போம்.

வில்லை என்பது யாது?

நுண்ணோக்கியின் உயிர்நிலை வில்லை ஆகும். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும் கண்ணாடித் துண்டே குவிவில்லை. ஒளிக்கதிர் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சாய்வாகப் புகும்போதும், மீண்டும் காற்றுக்கு வரும்போதும் வளைகிறது. இவ்வாறு வளைந்து வரும் கதிர்களைக் காணும் நம் கண், பொருள் பெரிதாக இருப்பதாக உணர்கிறது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செய்தித்தாள் ஒன்றின்மேல் தூய கண்ணாடித் துண்டை வையுங்கள். ஈர்க்குச்சியின் நுனியால் ஒரு சொட்டு நீரைக் கண்ணாடியின்மேல் விடுங்கள். கண்ணாடியைத் தாளிலிருந்து சற்றே உயர்த்தி, நீர்ச்சொட்டின் வழியாக எழுத்தைப் பாருங்கள். எழுத்து பெருத்துத் தோன்றும். மேற்புறம் குவிந்து நிற்கும் அந்நீர்ச்சொட்டும் ஒரு வில்லையே. சொட்டு சிறியதாகவும் உருண்டையாகவும் இருக்குமளவுக்கு எழுத்து மேலும் பெரிதாகத் தெரியும். பூதக்கண்ணாடியும் இந்த விதியைக் கொண்டே இயங்குகிறது.

முதற் கருவிகள்

ஒரு வில்லை பத்து மடங்கு பெரிதாக்கினால், அதன் மேல் இன்னொரு வில்லையை வைத்து மேலும் பெரிதாக்கலாம் அல்லவா? இவ்வெண்ணத்தின் பயனே கூட்டு நுண்ணோக்கி. நெதர்லாந்து நாட்டின் மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி வினைஞர் ஹான்ஸ் ஜான்சனும் அவர் மகன் சக்கரியாஸும் 1590ஆம் ஆண்டளவில் ஒரு குழாயின் இரு முனைகளிலும் வில்லைகளைப் பொருத்தி இதனை உருவாக்கினர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1624இல் இத்தகைய கருவியைச் செய்து நண்பர்களுக்குக் காட்டினார். அதற்கு இன்று வழங்கும் ஐரோப்பியப் பெயரைச் சூட்டியவர் அவருடைய நண்பர் ஜொவானி ஃபாபர், ஆண்டு 1625.

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665இல் தாம் நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பெரிய படங்களாக வரைந்து ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலாக வெளியிட்டார். தெள்ளுப்பூச்சியின் உடலைத் தாள் நிறைய வரைந்திருந்த அப்படம் கற்றோரை வியப்பில் ஆழ்த்தியது. போத்தல் மூடிக்குப் பயன்படும் தக்கையை மெல்லிய சீவலாக அரிந்து நோக்கியபோது, தேனடையின் கண்ணறைகளைப் போன்ற சிற்றறைகள் அணியணியாய் இருக்கக் கண்டார். அவற்றுக்கு அவர் இட்ட பெயரே, உயிருள்ள அனைத்தின் அடிப்படையான ‘செல்’ என்பதற்கு இன்றும் வழங்கி வருகிறது.

துணி வணிகரின் சாதனை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் (1632–1723) என்னும் துணி வணிகர் இருந்தார். பல்கலைக்கழகத்தை மிதித்தறியாதவர், அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனும் அறியாதவர். துணியின் இழைகளைப் பூதக்கண்ணாடி கொண்டு எண்ணிப் பார்ப்பது அக்கால வணிகர் வழக்கம். அதனால் வில்லைகளின்மேல் அவருக்கு ஆர்வம் பிறந்தது. தாமே வில்லைகளைச் செய்யக் கற்றார்.

அவர் செய்த கருவி கையடக்கமானது. இரு சிறு உலோகத் தகடுகளுக்கு நடுவே குண்டூசித் தலையளவான ஒரே வில்லை; பொருளைக் குத்தி வைக்க ஒரு முள்; அதை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகுகள்; அவ்வளவே. ஆயினும், இன்று எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. 1674இல் ஏரி நீரை நோக்கிய அவர், அதில் சிற்றுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டார். 1683இல் பல் இடுக்கிலிருந்து சுரண்டிய அழுக்கில் கிருமிகள் நெளிவதைக் கண்டு எழுதினார். தம் தாய்மொழியான டச்சு மொழியிலேயே இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதங்கள் எழுதினார். முதலில் அங்கிருந்தோர் ஐயுற்றனர். 1677இல் ராபர்ட் ஹூக் தாமே சோதித்து, அவ்வணிகர் கூறியது மெய் என உறுதி செய்தார். 1680இல் அக்கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. பட்டம் பெறாத ஒருவர் பொறுமையாலும் கூர்ந்து நோக்கும் வழக்கத்தாலும் அறிவுலகில் அழியாத இடம் பெறலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

வில்லைகள் செம்மையுற்றமை

பழைய கூட்டு நுண்ணோக்கிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பொருளைச் சுற்றி வானவில் போன்ற நிறக் கரைகள் தோன்றி உருவத்தை மங்கச் செய்தன. வெள்ளொளியில் அடங்கிய ஒவ்வொரு நிறமும் கண்ணாடியில் வெவ்வேறு அளவில் வளைவதே இதற்குக் காரணம். இருவகைக் கண்ணாடிகளால் ஆன வில்லைகளை ஒன்றோடொன்று இணைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். இலண்டன் மது வணிகர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830இல் இவ்வகை வில்லைகளை முறைப்படி அமைக்கும் வழியைக் காட்டினார். அறுவைச் சிகிச்சையில் கிருமி நீக்கும் முறையைப் புகுத்திய மருத்துவர் லிஸ்டரின் தந்தை இவரே.

ஜெர்மனியின் ஜேனா நகரில் கார்ல் ஸைஸின் பட்டறையில் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் ஆபே, வில்லை செய்தலைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்கியலுக்கு உயர்த்தினார். ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நுண்ணிய பொருள்வரை பிரித்துக் காட்டும் என்னும் எல்லையை 1873இல் வகுத்துரைத்தவரும் அவரே.

உறுப்புகளும் அவற்றின் பணியும்

இனி, பள்ளியிலும் மருத்துவச் சோதனைக்கூடத்திலும் காணும் நுண்ணோக்கியைக் கீழிருந்து மேலாக ஆராய்வோம்.

1. அடிப்பீடம்: கருவி சாயாமல் தாங்கும் கனத்த பகுதி.

2. கை: அடிப்பீடத்திலிருந்து எழும் வளைந்த தண்டு. கருவியைத் தூக்கும்போது ஒரு கையால் இதைப் பற்றி, மறு கையால் அடிப்பீடத்தைத் தாங்க வேண்டும்.

3. ஒளி தருவது: பழைய கருவிகளில் ஓர் ஆடி இருக்கும். அதன் ஒரு முகம் தட்டை. மறு முகம் குழிவு. சன்னல் வெளிச்சத்தை அது மேல்நோக்கித் திருப்பிவிடும். புதிய கருவிகளில் மின்விளக்கு உண்டு. ஆடியை ஒருபோதும் நேரே கதிரவனை நோக்கித் திருப்பலாகாது, கண்பார்வை கெட்டுவிடும்.

4. குவிப்பானும் ஒளித்தடையும்: குவிப்பான் ஒளியைத் திரட்டிப் பொருளின்மேல் செலுத்தும் வில்லைத் தொகுதி. ஒளித்தடை, வேண்டிய அளவு ஒளியை விட்டு, மிகுதியைத் தடுக்கும் திறப்பு. நிறமற்ற பொருளை மிகுந்த ஒளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒளியைக் குறைத்தால் அதன் விளிம்பு தெளிவுறும்.

5. மேடை: பொருளேந்திய கண்ணாடித் தகட்டை வைக்கும் தளம். நடுவே ஒளி வரும் துளை உண்டு. தகடு நகராதபடி பற்றிகள் பிடித்துக்கொள்ளும்.

6. பொருளருகு வில்லைகள்: சுழலும் வட்டில் ஒன்றில் மூன்று அல்லது நான்கு வில்லைக் குழல்கள் பொருத்தப்பட்டிருக்கும். பொதுவாக அவை 4, 10, 40, 100 மடங்கு பெரிதாக்குவன. கருவியின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்வன இவையே.

7. குழாயும் கண்ணருகு வில்லையும்: பொருளருகு வில்லை குழாயினுள் ஒரு பெரிய தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணருகு வில்லை அப்பிம்பத்தைப் பூதக்கண்ணாடி போல் மேலும் பெரிதாக்குகிறது.

8. திருகுகள்: பெருந்திருகு மேடையையோ குழாயையோ விரைந்து ஏற்றி இறக்கும். நுண்திருகு மிக மெல்ல நகர்த்தி உருவத்தைத் தெளிவாக்கும்.

மொத்தம் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பதற்குக் கணக்கு எளிது. இரு வில்லைகளின் எண்களையும் பெருக்குக. கண்ணருகு வில்லை 10, பொருளருகு வில்லை 40 எனில் 400 மடங்கு. பொருளருகு வில்லை 100 எனில் 1,000 மடங்கு.

நூறு மடங்கு வில்லையைப் பயன்படுத்தும்போது தகட்டுக்கும் வில்லைக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் விடுவர். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைந்து சிதறி வீணாகிறது. ஒளியை வளைப்பதில் கண்ணாடியை ஒத்த எண்ணெய் நடுவே இருந்தால் அவ்வொளி சிதறாமல் வில்லைக்குள் புகும். அதனால் நுட்பமான உருவமும் தெளிவாகத் தெரியும்.

நோக்கும் முறை

முதலில் மிகக் குறைந்த வில்லையைக் கொண்டே தொடங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தவாறே, தகட்டில் இடியாதபடி வில்லையைத் தகட்டருகே கொணர வேண்டும். பின்னர்க் கண்ணருகு வில்லையில் நோக்கி, வில்லை தகட்டைவிட்டு விலகும் திசையிலேயே பெருந்திருகைத் திருப்பி உருவத்தைக் காண வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் தகடும் உடையும், வில்லையும் கீறும். உருவம் தெரிந்தபின் உயர்ந்த வில்லைக்கு மாற்றி, நுண்திருகை மட்டும் பயன்படுத்த வேண்டும். தகட்டை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் நகரும். பிம்பம் தலைகீழானது என்பதை மறவற்க.

மலேரியாவை வென்ற கருவி

மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவதென்று மக்கள் பன்னூறாண்டு நம்பி வந்தனர். 1880 நவம்பர் 6ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான் நோயாளி ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிருள்ள ஒட்டுண்ணி அசைவதைக் கண்டார். காற்றன்று, ஓர் உயிரே காரணம் எனத் தெளிவாயிற்று.

அவ்வுயிர் மனிதருக்குள் எவ்வாறு புகுகிறது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ரொனால்ட் ராஸ். செகந்திராபாத்தின் கொடும் வெப்பத்தில் கொசு கொசுவாக அறுத்து நோக்கினார். விசிறி வீசினால் கொசுவின் உறுப்புகள் பறந்துவிடும். ஆகையால் விசிறியும் இல்லை. வியர்வை வழிந்து அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. கண்ணருகு வில்லையும் வெடித்திருந்தது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், அனோபிலிஸ் வகைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கண்டுபிடிப்பு விரைவிலேயே மலாயாவை எட்டியது. 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மல்கம் வாட்சன், கிள்ளானிலும் அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காடு வெட்டி, சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கினார். அத்துறைமுகமே இன்றைய கிள்ளான் துறைமுகம். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்ததும் நோய் பெருகியது. காரணம் யாது? அங்கே நோய் பரப்பிய அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. நிழலில் ஓடிய ஓடைகளை, ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியோர் தாமே அதற்குத் திறந்துவிட்டனர். நம் முன்னோர் பலர் மாண்டது அத்தோட்டங்களிலேதான். எந்தக் கொசு, எந்த நீரில் என்று நுண்ணோக்கி கொண்டு பிரித்தறிந்த பின்னரே நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளித்தலும் பயன் தந்தன.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்ததும், வெறுங்காலின் தோல் வழியாக உடலில் புகும் கொக்கிப்புழுவின் முட்டையை மலத்தில் காண்பதும் இக்கருவியின் துணையாலேயே.

பால்மரப் பட்டையில் கண்ட உண்மை

நாள்தோறும் நாம் கத்தி வைக்கும் பால்மரப் பட்டையின் இயல்பையும் நுண்ணோக்கியே வெளிப்படுத்தியது. பட்டையை மெல்லிய சீவலாக அரிந்து நோக்கினால், மயிரிழையிலும் மெலிந்த பால்குழாய்கள் வளையம் வளையமாக மரத்தைச் சூழ்ந்திருப்பது தெரியும். மரத்தண்டை ஒட்டி, பட்டையையும் தண்டையும் புதிதாக வளர்க்கும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. பால்குழாய்கள் செறிந்திருப்பது அவ்வளர்படலத்தை அடுத்த உட்பட்டையிலே. ஆகவே ஆழம் போதாமல் வெட்டினால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் வளர்படலம் காயமுற்று, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வளர்படலத்துக்கு வெளியே சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுக என்னும் விதி இதனால் வந்தது.

மற்றொன்று: பால்குழாய்கள் நேர்க்குத்தாக நிற்பதில்லை. மரத்தை நோக்கி நின்றால், அவை மேலே செல்லச் செல்லச் சில பாகை வலப்புறம் சாய்ந்து செல்கின்றன. ஆகையால் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த வெட்டு மிகுதியான குழாய்களை அறுக்கிறது. எதிர்ச்சாய்வில் வெட்டினால் அறுபடும் குழாய்கள் குறையும். மண்டோர் காட்டிய சாய்வு வெறும் வழக்கமன்று. அதன் பின்னே இக்காரணம் இருக்கிறது.

கருவியின் எல்லை

ஒளி நுண்ணோக்கியால் எதையும் காணலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர் எனப்படும். நம் இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர் அகலமுடையது. சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ஒளியலையின் நீளமே அதற்குத் தடை. வைரசுகளுள் பெரும்பாலானவை அதற்கும் சிறியவை. ஏர்ன்ஸ்ட் ருஸ்கா 1931இல் தொடங்கிவைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றைக் காட்டியது. ஒளியைக் கொண்டே அவ்வெல்லையைக் கடக்கும் வழிகளைக் கண்ட மூவருக்கு 2014இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நம் நாட்டிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. சரவாக்கின் காப்பிட் பகுதியில் நோயாளிகளின் இரத்தத் தகடுகளைப் பார்த்து, சாதாரணமாகக் கடுமை குறைந்த ஒருவகை மலேரியா எனக் குறித்து வந்தனர். மரபணுச் சோதனை செய்தபோது 208 பேரில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலசி மலேரியா என்று தெரியவந்தது. 2004இல் இம்முடிவு வெளியாயிற்று. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றியதே குழப்பத்துக்குக் காரணம். நோலசி ஒட்டுண்ணியோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. சில நாள்களில் உயிருக்கே ஊறு செய்யவல்லது.

நம் கடமை

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் இப்போது மிக அரிதாகிவிட்டது. ஆயினும் காட்டோரத்தில் வேலை செய்வோரை நோலசி மலேரியா இன்னும் தாக்குகிறது. இரத்தத் தகட்டில் ஒட்டுண்ணி இல்லை என்று சொல்வதற்குமுன், சோதிப்பவர் எண்ணெய் வில்லையின் கீழ்க் குறைந்தது நூறு பார்வைப் பரப்புகளையாவது ஆராய்கிறார். தொடக்கத்தில் ஒட்டுண்ணிகள் மிகச் சிலவாக இருப்பின் முதல் தகட்டில் அகப்படாமலும் போகலாம். ஆகையால், “நேற்றுத்தானே எடுத்தீர்கள்” என்று மறுக்காமல், மீண்டும் கேட்டால் மீண்டும் விரலை நீட்டுங்கள். இரு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் இருந்தால் சளியைச் சோதனைக்குக் கொடுங்கள். காட்டருகே வேலை செய்பவராயின் அதை மறவாமல் சொல்லுங்கள்.

எத்துணைச் சிறந்த நுண்ணோக்கியும் தன்முன் வைக்கப்பட்டதை மட்டுமே காட்டும். வைக்க வேண்டியதைக் கொடுப்பது நம் பொறுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. கண்ணருகு வில்லை 10, பொருளருகு வில்லை 4 எனில் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகும்?
2. நூறு மடங்கு வில்லைக்கு எண்ணெய் ஏன் தேவை?
3. பால்மரத்தை இடப்புறம் உயர்த்தி, வலப்புறம் தாழ்த்தி வெட்டுவது ஏன்?
4. காட்டை அழித்தபின் மலைத் தோட்டங்களில் மலேரியா பெருகியது ஏன்?